அப்பா ஏன் வேனை விட்டு இறங்கினார்

உன்னை நான் எப்போதும் பெயர் சொல்லித்தான் கூப்பிடுவேன். இந்தக் கடிதத்தில் மட்டும் பெயர் கூடாது என்று உன் அப்பா சொல்லிவிட்டார். உன் பெயர் கூடாது, அவர் பெயர் கூடாது, கோவில்பதாகையில் எந்தத் தெரு என்பதும் கூடாது. மற்றதையெல்லாம் எழுதலாமாம். நாலு பேர் படித்தாலும் பரவாயில்லையாம். சில மாதங்களுக்கு முன்வரை இதே விஷயத்தை என்னிடம்கூடச் சொல்லாமல் வாயைப் பூட்டிவைத்திருந்த மனிதர் இவர். எப்படி மாறினார் என்பதைப் பிறகு சொல்கிறேன். போன வாரம் நீ புனேயிலிருந்து பேசியபோது, "அப்பா கல்யாணத்துக்கு வருவாரா, மாட்டாரா? அத மட்டும் கேட்டுச் சொல்லும்மா" என்றாய். அதற்குப் பதில் இந்தக் கடிதத்தின் முடிவில் இருக்கிறது. எந்தப் புத்தகத்தை எடுத்தாலும் முதலில் கடைசிப் பக்கத்தைப் புரட்டுகிறவன் நீ. இந்த ஒரு தடவை வரிசையாகப் படி. இதைப் போனில் சொல்ல எனக்கு வாய் வராது என்பதால்தான் எழுதுகிறேன். ஏன் வாய் வராது என்பதும் போகப் போகப் புரியும்.

உன் நிச்சயதார்த்தத்தன்று காலையில் நீ பார்த்தது இதுதான். வாசலில் வேன் நிற்கிறது. திருவண்ணாமலைக்குப் போக எல்லாரும் ஏறி உட்கார்ந்தாயிற்று. உன் அத்தை பூக்கடையிலிருந்து இன்னும் வரவில்லை என்பதால் வண்டி கிளம்பவில்லை. பட்டு வேட்டி கட்டி, முன் வரிசையில், மடியில் பழத்தட்டோடு உட்கார்ந்திருந்த உன் அப்பா திடீரென்று எழுந்தார். தட்டோடு இறங்கினார். "நீங்க போய்க்கினே இருங்க, எனக்குத் தல சுத்துது" என்று வீட்டுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார். நான் போய்த் தட்டினேன். "போன்னு சொல்றேன்ல? நேரமாவுது!" என்று உள்ளேயிருந்து ஒரு அதட்டல். பெண் வீட்டுக்குக் கொண்டுபோகும் சீர்த்தட்டை மாப்பிள்ளையின் அப்பாவே கையோடு திருப்பி எடுத்துக்கொண்டு போனால் பார்க்கிறவர்கள் என்ன நினைப்பார்கள்? தட்டுகள் ஒற்றைப்படையில் இருக்க வேண்டும், இப்போது ஒன்று குறைகிறது என்று உன் அத்தை புலம்ப, வழியில் ஸ்ரீபெரும்புதூரில் நிறுத்தி ஆப்பிளும் எவர்சில்வர் தட்டும் வாங்கினோம். அங்கே பவித்ராவின் அப்பா, "சம்பந்தி வரலீங்களா?" என்று வாசலையே பார்த்துக்கொண்டிருந்தார். உன் மாமா அப்பாவின் இடத்தில் உட்கார்ந்து தாம்பூலம் மாற்றிக்கொண்டார். திரும்பி வரும்போது நீ என்னிடம் சொன்னது இன்னும் என் காதில் இருக்கிறது. "வேற ஜாதிப் பொண்ணு, புடிக்கல. அத நேரா சொல்லியிருக்கலாம். தட்டத் தூக்கிட்டுப் போயி ஊருக்கே காட்ட வேணாம்." அதற்கு மேல், கல்யாணத்தையும் கோயிலில் வைத்துச் சுருக்கமாக முடித்துவிடலாமே என்று அவர் ஏற்கனவே சொல்லியிருந்ததும் சேர்ந்துகொண்டது. அன்றிலிருந்து நீ அவரிடம் பேசவில்லை.

நீ கூட்டிப் பார்த்த கணக்கில் எந்த வரியிலும் பிழை இல்லை. விடைதான் தப்பு. இது என் தொழிலில் தினமும் நடப்பது என்பதால் உன்மேல் எனக்குக் கோபம் வரவில்லை.

என் தொழில் என்னவென்று நீ யாரிடமாவது சொல்லும்போது "அம்மா அம்பத்தூர்ல ஐ.டி. கம்பெனி" என்று முடித்துவிடுவாய். விளக்கத் தொடங்கினால் எங்கே போய் நிற்கும் என்று உனக்குத் தெரியும். விலங்கியல் முதுகலை படித்த நான் தவளையை விட்டுவிட்டு அமெரிக்காவின் சிறுநீர்ப் பாதைகளுக்கு வந்து சேர்ந்து இருபது வருடம் ஆகப்போகிறது. அங்கே ஒரு டாக்டர் ஒரு நோயாளிக்கு அறுவை சிகிச்சை செய்து, என்ன செய்தார் என்று எழுதிவைப்பார். அந்தக் குறிப்பு எங்களிடம் வரும், அதை நாங்கள் சார்ட் என்போம். அதைப் படித்து, அவர் செய்த ஒவ்வொரு வேலைக்கும் உரிய எண்ணை நாங்கள் போட வேண்டும். அந்த எண்ணை வைத்துத்தான் காப்பீட்டுக்காரர்கள் பணம் கொடுப்பார்கள். இதயத்துக்கு ஒரு குழு, எலும்புக்கு ஒரு குழு. எனக்குக் கிடைத்தது இடுப்புக்குக் கீழே. சிறுநீரகக் கல், சிறுநீர்ப்பை, பிராஸ்டேட். எல்லாவற்றிலும் அதிகம் வருவது பிராஸ்டேட்தான். ஆண்களுக்கு வயது ஏற ஏற அந்தச் சுரப்பி வீங்கி சிறுநீர் வரும் வழியை நெருக்கும். வெளியே கத்தியே வைக்காமல், அந்த வழியாகவே கருவியை விட்டு, வீங்கியதைச் செதுக்கி எடுப்பார்கள். அதற்கு எண் 52601. நம் வீட்டு பின்கோடு மறந்தாலும் எனக்கு இது மறக்காது.

இந்த வேலையில் சேர்ந்த முதல் நாள் சொல்லித்தருவது ஒரே ஒரு விதி. டாக்டர் எழுதாதது நடக்கவில்லை. அறிகுறிகள் எல்லாம் பிராஸ்டேட் என்று கத்தினாலும், டாக்டர் அந்தச் சொல்லை எழுதாவிட்டால் நீ அதைப் போடக் கூடாது. சந்தேகம் இருந்தால் டாக்டருக்கே கேள்வி அனுப்பலாம். அதை நாங்கள் குவெரி என்போம். அதற்கும் ஒரு விதி உண்டு. பதிலைக் கேள்விக்குள் வைக்கக் கூடாது. "இவருக்கு பிராஸ்டேட் வீக்கம்தானே?" என்று கேட்டால் தப்பு. "இந்த அறிகுறிகளுக்கான காரணத்தைத் தயவுசெய்து தெளிவுபடுத்தவும்" என்றுதான் கேட்க வேண்டும். எனக்கு இந்த விதிகள் மிகவும் பிடிக்கும். ஜோசியக்காரர்கள், டிவியில் உடல்நலம் சொல்பவர்கள், உன் அத்தை எல்லாரும் இதைக் கடைப்பிடித்தால் நாடு அமைதியாக இருக்கும் என்று நினைத்திருக்கிறேன். இந்த விதியை நான் அலுவலகத்தோடு விட்டுவிட்டு வந்திருக்க வேண்டும்.

நீ சின்னப் பையனாக இருந்தபோது லீவுக்கு விருதுநகர் போவோமே, அந்தப் பேருந்தை நினைத்துப் பார். ஜன்னல் சீட்டுக்கு உனக்கும் அவருக்கும் நடக்கும் சண்டையை மொத்த வண்டியும் வேடிக்கை பார்க்கும். பெற்ற பிள்ளைக்குக்கூட விட்டுக்கொடுக்காத அப்பாவை நான் அதுவரை பார்த்ததில்லை. "நைனா, நீ பெரியவனாயி காசு கொட்த்து டிக்கெட் வாங்கு. அப்ப ஜன்னலாண்ட குந்து. இப்ப இது என் காசு, என் காத்து" என்பார். நீ அழுவாய். அவர் வெளியே கையை நீட்டி உனக்காகக் காற்றைப் பிடித்துக் கொடுப்பதுபோல் உன் முகத்தில் ஊதுவார். நீ வேலைக்குப் போன பிறகும் அந்தச் சண்டை நிற்கவில்லை. ஆனால் போன வருடம் மாங்காடு கோயிலுக்குப் போகும்போது பேருந்தில் அவர் என்னைப் பார்த்து, "நீ உள்ள போயி குந்து" என்றார். நான் ஜன்னலோரம் உட்கார்ந்தேன். அவர் நடைவழிப் பக்கம், கம்பியைப் பிடித்தபடி, எந்த நிமிடமும் எழுந்து ஓடத் தயாரானவர்போல உட்கார்ந்தார். கோயிலில் வரிசை நீளமாக இருந்தது. "கூட்டம் ஜாஸ்தி, வெளியவே கும்பிட்டுக்கலாம்" என்றார். கும்பிட்டுவிட்டு, கோயிலைச் சுற்றி கழிப்பறை எங்கே இருக்கிறது என்று என்னைவிட நன்றாகத் தெரிந்தவராக நேராக அங்கே நடந்தார்.

அதன் பிறகு ஒவ்வொன்றாகக் கண்ணில் பட்டது. வெளியே கிளம்பும் நாளில் காபி வேண்டாம், மோர் வேண்டாம், தண்ணீர்கூட வேண்டாம். சினிமாவுக்குப் போனால் ஓர இருக்கை. கள்ளிக்குப்பத்தில் உன் மாமா வீட்டில் விருந்துக்குப் போனால் சாப்பாட்டுக்கு முன்னும் பின்னும் நடுவிலும் கை கழுவ எழுந்தார். இத்தனையும் ஒரு சார்ட்டில் வந்தால் புதிதாகச் சேர்ந்த பெண்ணே பத்து நொடியில் சொல்லிவிடுவாள். நான் என்ன செய்தேன் தெரியுமா? குவெரி போட்டேன். "உடம்பு எப்படி இருக்கு?" என்று கேட்டேன். "நல்லாத்தான் கீது" என்றார். சில நாள் கழித்து, "ஏதாவது தொந்தரவு இருந்தா சொல்லுங்க" என்றேன். "இன்னா தொந்தரவு? உங்க அண்ணன் வந்து ஒக்காந்தா அதான் தொந்தரவு" என்றார். பொங்கலுக்குப் பிறகு, "தண்ணி கம்மியா குடிக்கிறீங்களே, காரணம் இருக்கா?" என்று கேட்டேன். "தாகமில்ல" என்று வந்தது பதில். டாக்டர் எழுதவில்லை, ஆகவே நடக்கவில்லை. நான் ஃபைலை மூடிவைத்தேன்.

இதில் இன்னொன்றும் இருந்தது, அதையும் ஒளிக்க மாட்டேன். அலுவலகத்தில் அந்த உறுப்பின் பெயரை ஒரு நாளைக்கு எத்தனை முறை சொல்கிறேன் என்று எனக்கே தெரியாது. ஆண்களும் பெண்களுமாக உட்கார்ந்து, டிபன் பாக்ஸைத் திறந்துகொண்டே அதன் எடை எத்தனை கிராம் என்று பேசுவோம். வீட்டில் இருபத்தாறு வருடக் கல்யாண வாழ்க்கையில் ஒரு நாளும் அந்தச் சொல்லை உன் அப்பாவின் முன்னால் சொன்னதில்லை. தமிழில் அதை எப்படிக் கேட்பது என்றும் எனக்குத் தெரியவில்லை. ஆங்கிலத்தில் அது ஒரு எண். தமிழில் அது என் புருஷனுடையது.

நிச்சயதார்த்தம் முடிந்த மறுவாரம் அலுவலகத்தில் சாப்பாட்டு இடைவேளையில், என் பக்கத்து இருக்கை நஸ்ரீனிடம் ஒரு சார்ட் என்று சொல்லி இதைக் கேட்டேன். பூந்தமல்லிப் பெண், உன்னைவிட இரண்டு வயது பெரியவள், வாய் மட்டும் என்னைவிடப் பெரியது. "அம்பத்தாறு வயசு. கோயில் வரிசைல நிக்கமாட்டாரு, மோர் குடிக்கமாட்டாரு, அறிகுறி எல்லாம் இருக்கு. டாக்டர் எதுவுமே எழுதல. மூணு குவெரி போட்டும் தெளிவா பதில் இல்ல" என்றேன்.

அவள் பிரியாணியிலிருந்து தலையை நிமிர்த்தவில்லை. "எந்த ஆஸ்பத்திரி சார்ட்டுக்கா?"

"ஏதோ ஒண்ணு."

"கோயில் வரிசைல நிக்கமாட்டாரு, மோர் குடிக்கமாட்டாருன்னு அமெரிக்கா டாக்டர் எழுதுவாரா?" அப்போதுதான் நிமிர்ந்தாள். "அக்கா, இன்னாக்கா நீங்க? ஊட்டுக்காரர போயி பெண்டிங்ல போட்டு வெச்சிக்கினு கீறீங்க! ஆடிட்டா வரப்போவுது? நேரா கேளுங்க."

"நேரா கேட்டா அவருக்குச் சங்கடமா இருக்கும்."

"அவருக்கா, உங்களுக்கா?" என்று கேட்டுவிட்டு என் தயிர் சாதத்திலிருந்து ஊறுகாயை எடுத்துக்கொண்டாள்.

அந்த ஞாயிற்றுக்கிழமை காலையில் உன் அப்பா கூடத்தில் பேப்பர் விரித்து மிக்ஸியைப் பிரித்துப் போட்டிருந்தார். நான் எதிரே நாற்காலியைப் போட்டு உட்கார்ந்து, இருபது வருடத் தொழில் ஒழுக்கத்தையும் ஓரமாக வைத்துவிட்டு, பதிலைக் கேள்விக்குள் வைத்தே கேட்டேன். "உங்களுக்கு பிராஸ்டேட் பெருசாயிருக்கு. அதனாலதான் அன்னிக்கு வேன்லேர்ந்து இறங்கினீங்க. ஆமாவா, இல்லையா?"

ஸ்குரூ டிரைவர் நின்றது. "யாரு சொன்னா?"

"யாரும் சொல்லல. தினம் அதத்தான படிச்சிக்கிட்டு இருக்கேன்."

"என்னுதையா?"

"அமெரிக்காக்காரனோடத."

அவர் ஸ்குரூ டிரைவரைக் கீழே வைத்தார். பிறகு மெதுவாக, "அவனுங்களுக்கும் இது வருதா?" என்று கேட்டார். வரும் என்றேன், நீதிபதிக்கு வரும், பாதிரியாருக்கு வரும், விமானம் ஓட்டுபவருக்கும் வரும் என்றேன். அவர் முகம் தெளிந்த விதத்தைப் பார்க்க வேண்டுமே. உலகத்தில் தனக்கு மட்டும் கொடுக்கப்பட்ட அவமானம் என்று இத்தனை நாள் நினைத்திருந்த மனிதருக்கு, அமெரிக்காவே துணைக்கு வந்து நின்றதுபோல் ஆகிவிட்டது.

அதற்குப் பிறகுதான் தட்டின் கதை வந்தது. நிச்சயதார்த்தத்துக்கு முதல் நாள் மாலையிலிருந்தே அவர் தண்ணீர் குடிக்கவில்லை. அப்படியும் வேன் நின்றுகொண்டே இருந்ததில் அடக்க முடியவில்லை. எழுந்து இறங்கிப் போகலாம் என்றால் முன்னால் டிரைவர் பக்கத்தில் உன் மாமா, பின்னால் பெண்கள். தயங்கிய அந்த நேரத்தில் வேட்டி நனைந்துவிட்டது. கொஞ்சம்தான். ஆனால் பட்டு வேட்டியில் கொஞ்சமும் தெரியும். மடியில் இருந்த தட்டை அப்படியே முன்னால் அணைத்துப் பிடித்துக்கொண்டு இறங்கினார். அவ்வளவுதான், தம்பி. நீ ஜாதி என்று படித்தது அதைத்தான். தட்டை வேனில் யாரிடமாவது கொடுத்திருந்தால் வேட்டி தெரிந்திருக்கும். வேறு வேட்டி மாற்றிக்கொண்டு ஏறினாலும், திருவண்ணாமலை போய்ச் சேர்வதற்குள் மறுபடி அப்படி ஆகிவிடுமோ என்று பயம். "அந்த ஆரஞ்சு, திராட்ச எல்லாத்தையும் என்ன பண்ணீங்க?" என்று கேட்டேன். "எதிர் ஊட்டுப் பசங்களுக்குக் கொட்த்துட்டேன். என் புள்ள நிச்சயதார்த்தப் பழம், சாப்டுங்கடான்னு" என்றார். மிக்ஸியின் வாஷரைத் தேடுவதுபோல் இரண்டு பேரும் பேப்பரைத் தடவிக்கொண்டிருந்தோம்.

கோயிலில் சுருக்கமாக முடிக்கலாம் என்றதும் இதனால்தான். மணவறைப் பக்கத்தில் முகூர்த்தம் முடியும்வரை உட்கார வேண்டுமே, நடுவில் எழுந்தால் ஊர் பார்க்குமே என்ற பயம். மற்றபடி அவருக்குப் பவித்ராவைப் பிடிக்கவில்லை என்று நினைத்தாயே, நிச்சயதார்த்தத்துக்கு முந்தின நாளே தான் வேலை பார்க்கும் தொழிற்சாலையில் தன் பிரிவு முழுவதற்கும் மைசூர்பாகு வாங்கிக் கொடுத்திருக்கிறார். "மருமவ பேங்க்ல ஆபீசரு" என்று கேட்காதவனிடமும் சொல்லியிருக்கிறார். இதை உன் மாமாதான் எனக்குச் சொன்னார். அவரும் அதே பிரிவு அல்லவா? சம்பந்தியிடம் பேசுவதற்கு அலமாரிக் கண்ணாடிக்கு முன்னால் நின்று ஒத்திகை பார்த்ததை நானே பார்த்தேன். ஆவடியிலேயே பிறந்து வளர்ந்த பேச்சை ஒரு நாளைக்காவது மாற்றி, "வணக்கமுங்க, தங்கள் மகளை எங்கள் மகளாக" என்று தொடங்கி, பாதியில் மறந்து, மறுபடி தொடங்கினார். "அப்ப அவன் கிட்ட விஷயத்தச் சொல்லிடலாமே" என்றேன். அதற்கு அவர் சொன்னதை நீ தெரிந்துகொள்ள வேண்டும். "என்னிய ஜாதி பாக்கறவன்னு நெனச்சிக்கினாலும் நெனச்சிக்கட்டும். இத மட்டும் சொல்லாத." கெட்டவனாக இருப்பதைவிட மகன் முன்னால் வேட்டி நனைந்தவனாக இருப்பது கேவலம் என்று ஒரு மனிதருக்குத் தோன்றியிருக்கிறது. எனக்கு இது விளங்கவே இல்லை. ஆனால் எழுதிவைத்துக்கொள், ஒரு நாள் உனக்கும் இப்படி ஏதாவது தோன்றும்.

பூந்தமல்லி நெடுஞ்சாலையில் ஒரு மருத்துவமனைக்குப் போனோம். அதுவரை அவர் டாக்டரிடம் போகாததற்குக் காரணம், வேறு ஏதாவது பெரிய வியாதியாக இருந்துவிடுமோ என்ற பயம். அதை அவர் சொல்லவில்லை. இந்தத் தடவை நான் குவெரியே போடவில்லை, நேராக, "கேன்சர்னு பயப்படறீங்களா?" என்று கேட்டேன். தலையை ஆட்டினார். பரிசோதனைகளைச் செய்தார்கள், சாதாரண வீக்கம்தான் என்றார்கள், அறுவை சிகிச்சைக்கு நாள் குறித்தார்கள். அந்த டாக்டரிடம் நான், "முழுசா ஒரே தடவைல எடுத்துடுவீங்களா, இல்ல ரெண்டு கட்டமா செய்வீங்களா?" என்று கேட்டதும் அவர் கண்ணாடியைக் கழற்றி என்னைப் பார்த்தார். "மேடம் டாக்டரா?" "இல்ல சார், பில்லுக்கு எண் போடறவ." அவர் சிரித்தார். ஆனால் அதற்குப் பிறகு என்னிடம் கொஞ்சம் ஜாக்கிரதையாகவே பேசினார்.

அமெரிக்க டாக்டர்கள் எழுதும் எல்லா அறுவைக் குறிப்பிலும் கடைசியில் ஒரு வரி வரும். நோயாளி சிகிச்சையை நன்றாகத் தாங்கிக்கொண்டார் என்று. எல்லாரும் எழுதுவதால் நாங்கள் யாரும் அதைப் படிப்பதே இல்லை. அதற்கு எண் கிடையாது. அன்றைக்கு ஆபரேஷன் தியேட்டருக்கு வெளியே பிளாஸ்டிக் நாற்காலியில் உட்கார்ந்திருந்தபோது உள்ளே நடப்பது ஒவ்வொன்றும் எனக்கு வரிசையாகத் தெரியும். இப்போது முதுகில் ஊசி, இப்போது கேமரா, இப்போது செதுக்குகிறார்கள், இப்போது இரத்தத்தை நிறுத்துகிறார்கள். தெரிந்து என்ன பயன்? அந்த ஒரு வரிக்காகக் கதவையே பார்த்துக்கொண்டிருந்தேன். டாக்டர் வெளியே வந்து, "நல்லா தாங்கிட்டாரு" என்றார். இத்தனை வருடம் கண்ணை ஓட்டிவிட்டுத் தாண்டிப் போன வரி அது.

மூன்று நாள் டியூபும் பையுமாக இருந்தார். கட்டிலோரம் தொங்கிய பையில் சேரும் சிறுநீரின் நிறத்தை உன் அப்பா கிரிக்கெட் ஸ்கோர் போலக் கவனித்தார். "நேத்து ரோஸ் மில்க்கு, இன்னிக்கு லெமன் ஜூஸு" என்று நர்ஸிடம் பெருமையாகச் சொல்ல, அந்தப் பெண் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஓடினாள். செதுக்கி எடுத்ததைப் பரிசோதித்து ஒன்றும் இல்லை என்று முடிவும் வந்தது. நீ அந்த வாரம் பேசியபோது, "அப்பா தூங்கறார்" என்றேன். அது உண்மைதான், எங்கே தூங்குகிறார் என்று மட்டும் சொல்லவில்லை. இதற்கு நீ என்மேல் கோபப்படலாம். நியாயமான கோபம்தான். நான் அவருக்குக் கொடுத்த வாக்கு அது. இனிமேல் அப்படிப்பட்ட வாக்கு யாருக்கும் கொடுப்பதாக இல்லை.

இனி அவர் மாறிய கதை. வேலைக்குத் திரும்பிய முதல் நாள் தொழிற்சாலை வாசல் டீக்கடையில், நண்பர் ஒருவர் டீயை முடிக்காமலே சுவரோரம் ஓடுவதைப் பார்த்திருக்கிறார். திரும்பி வந்தவரிடம், "இன்னா மாமே, எத்தினி மாசமா இப்டி ஓடிக்கினு கீற?" என்று கேட்டிருக்கிறார். அவ்வளவுதான். இப்போது அவர் அந்தத் தொழிற்சாலையின் அதிகாரப்பூர்வமற்ற பிராஸ்டேட் ஆலோசகர். ஆட்கள் வீட்டுக்கே வருகிறார்கள். வாசலில் நின்று, "அண்ணி, அண்ணாத்தே கீறாரா?" என்று தாழ்ந்த குரலில் கேட்பார்கள். உள்ளே போய்க் கதவைச் சாத்திக்கொள்வார்கள். சிறிது நேரத்தில் உள்ளேயிருந்து, "அமெரிக்காவுல ஜட்ஜுக்கே வருதுப்பா!" என்று உன் அப்பாவின் குரல் தெருவரை கேட்கும். இரண்டு பேரைக் கையைப் பிடித்து அந்த டாக்டரிடம் கூட்டிப் போய்விட்டு வந்தார். டாக்டரைக் கல்யாணத்துக்கும் அழைத்திருக்கிறார். அறுவை சிகிச்சைக்குப் பின் தொண்ணூறு நாளைக்கு எல்லாக் கவனிப்பும் அந்த ஒரே கட்டணத்தில் அடக்கம் என்று எங்கள் பில்லில் ஒரு விதி உண்டு. அதைத் தெரியாமல் இவரிடம் சொல்லிவிட்டேன். முகூர்த்தம் அந்தத் தொண்ணூறு நாளுக்குள் வருகிறதாம். அதனால் மண்டபத்துக்கு வந்து கவனிக்க வேண்டியது டாக்டரின் கடமையாம்.

ஊருக்கெல்லாம் சொல்லிவிட்டார். உனக்கு மட்டும் சொல்ல முடியவில்லை. உன் எண்ணைப் போனில் எடுத்து, பார்த்து, வைத்துவிடுவார். "நீயே எழுதிடு. நீதான் படிச்சவ" என்றார் கடைசியில். ஆக, இந்தக் கடிதம்.

கல்யாணம் ஆகப்போகும் மகனுக்கு அம்மா ஏதாவது புத்தி சொல்ல வேண்டும் என்பது வழக்கம். எனக்குப் பொதுவாகப் புத்திமதிகளில் நம்பிக்கை இல்லை. சொன்னவர்கள் மட்டுமே அதில் திருப்தி அடைவதைப் பார்த்திருக்கிறேன். இருந்தாலும் தொழிலிலிருந்து ஒன்று சொல்கிறேன். 52601 என்று எண் போட்டால், அதற்குள் கேமரா விட்டுப் பார்த்தது, வழியை விரித்தது, இரத்தக் கசிவை நிறுத்தியது எல்லாம் அடக்கம். ஒவ்வொன்றுக்கும் தனித்தனியாகப் பில் போட்டால் திருப்பி அனுப்பிவிடுவார்கள். நீயும் பவித்ராவும் வேலைக்குப் போகிறவர்கள். நான் பால் வாங்கினேன், நான் கேஸ் புக் செய்தேன், நான் உன் அம்மாவிடம் அரை மணி நேரம் பேசினேன் என்று தனித்தனியாகப் பில் போடும் நாள் வரும். எனக்கும் வந்தது. போடாமல் இருக்க முயற்சி செய். முடியாவிட்டால் இரண்டு பேரும் சேர்ந்து சிரித்துவிட்டாவது போடுங்கள்.

இன்னொன்று, பவித்ரா ஒரு நாள் தட்டைத் தூக்கிக்கொண்டு எழுந்து போவாள். எந்தத் தட்டு என்று எனக்குத் தெரியாது, ஆனால் போவாள். நீ உடனே அதற்கு ஒரு காரணத்தைப் போட்டு ஃபைலை மூடாதே. என்னைப்போல, அவளாகச் சொல்லட்டும் என்று மரியாதையாகக் காத்துக்கொண்டும் இருக்காதே. பின்னாலேயே போய்க் கதவைத் தட்டு. போ என்று அதட்டினாலும் நில். உனக்கு என்ன தோன்றுகிறதோ அதைக் கேள்வியிலேயே வைத்துக் கேள். தப்பாக இருந்தால் அவள் திருத்துவாள். அன்றைக்கு நான் கதவுக்கு வெளியே இன்னும் ஒரு நிமிடம் நின்றிருந்தால் நீ இத்தனை மாதம் உன் அப்பாவிடம் பேசாமல் இருந்திருக்க மாட்டாய்.

டாக்டர் பயணத்துக்குச் சரி என்று சொல்லிவிட்டார். நீ அடுத்த சனிக்கிழமை வருவதாகச் சொன்னாய் அல்லவா, ஞாயிற்றுக்கிழமை காலை திருவண்ணாமலைக்கு, பவித்ராவின் வீட்டுக்குப் போகலாம் என்று இருக்கிறோம். சம்பந்தியிடம் நேரில் பேசிவிட்டு வர வேண்டும் என்கிறார். ஒத்திகை மறுபடி தொடங்கிவிட்டது. கல்யாணமும் மண்டபத்தில், முழுச் சடங்கோடுதான் நடக்க வேண்டுமாம். சுருக்கம் என்ற பேச்சையே எடுக்கக் கூடாதாம்.

எங்கள் தொழிலில், எத்தனை பக்கம் எழுதியிருந்தாலும் டாக்டரின் கையெழுத்து இல்லாத குறிப்பு செல்லாது. அதனால் இதை முழுவதும் உன் அப்பாவிடம் படித்துக்காட்டினேன். வேட்டி வரும் இடத்தில் எழுந்து போய்விடுவார் என்று நினைத்தேன். போகவில்லை. "ரோஸ் மில்க்க நல்லா எழுதிக்கீற" என்று பாராட்டினார். பிறகு பேனாவை வாங்கி, வெகு நேரம் யோசித்து, கீழே தன் கையால் எழுதினார். உன் கேள்விக்குப் பதில் அதுதான். நான் எதையும் திருத்தவில்லை.

"நைனா, வேன் வாணாம். பஸ்லயே போலாம். டிக்கெட் நீ எடு. ஜன்னல் சீட்டு எனக்கு."